கடைசிக் கூறு

"இது யாருக்குங்க?"

முதுகுக்குப் பின்னால் சம்பந்தி கேட்கிறார். என் மூக்குக்கு முன்னால் எங்கள் வீட்டு மதில், சுண்ணாம்பு உரிந்து நிற்கிறது. நான் திரும்பிப் பார்க்கக் கூடாது. "டீச்சரம்மா வூட்டுக்கு" என்கிறேன். காய்களைக் கூடையில் அள்ளும் சத்தம் கேட்கிறது. மறுபடியும் அதே கேள்வி. தருமபுரியில் எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலைகள் கொஞ்ச காலம் இப்படித்தான் போயின. பிறந்ததிலிருந்து எவனுக்கும் முதுகைக் காட்டி நின்றவனில்லை நான். என்னை அப்படி நிற்க வைத்த ஒரே மனிதர் என் மகளின் மாமனார்தான்.

அரசுப் பேருந்தில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பென்னாகரம் ரோட்டில் பாதி வழியில் வண்டியை மறித்து ஏறினால், படியில் கால் வைக்கும்போதே யாரிடம் டிக்கெட் இல்லை என்று தெரிந்துவிடும். தூங்குகிறவன் வேறு, தூங்குகிறவன் போல இருக்கிறவன் வேறு. டிக்கெட் வாங்காதவன் ஜன்னல் வழியே பார்க்கும் பார்வையே தனி. வெளியே ஒன்றும் இருக்காது, ஆனாலும் விடாமல் பார்த்துக்கொண்டிருப்பான். பாலக்கோடு வண்டியில் கூடையைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுச் சேலையால் மறைத்து உட்கார்ந்திருக்கும் அம்மாக்களை, தக்காளி வாசனையை வைத்தே பிடித்து லக்கேஜ் டிக்கெட் போட வைத்திருக்கிறேன். வேலை முடிந்தாலும் குணம் முடியவில்லை. பால்காரர் வந்தால் பாலைப் பார்க்க மாட்டேன், அவர் முகத்தைப் பார்ப்பேன். இந்த ஆளோடு குடித்தனம் பண்ணியதற்கு எனக்கும் ஒரு பென்ஷன் கொடுக்க வேண்டும் என்பாள் என் மனைவி. கொடுத்தால் அவளே வாங்கிக்கொள்ளட்டும்.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த சம்பந்தி விவசாயி. பென்னாகரத்துக்கு அப்பால், காட்டை ஒட்டிய நிலம், கிணற்றுப் பாசனம். ஒடிசலான ஆள். பேச்சு குறைவு, குறைவாகப் பேசுகிறவர்கள் மேல் எனக்கு எப்போதுமே ஒரு கண். கல்யாணமான இரண்டாம் வருஷம் என் மகளும் அவரும் சேர்ந்து பங்குத் தோட்டம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். விதைக்கும் முன்பே சேருகிற வீடுகள் பணம் கட்டிவிட வேண்டும். மருந்து அடிக்காமல் விளைவிப்பார்கள். விளைந்தது எதுவோ, எவ்வளவோ, அது வாராவாரம் எல்லா வீடுகளுக்கும் பங்கு. நன்றாக விளைந்தால் நிறைய, பன்றி புகுந்து தோண்டிவிட்டால் கொஞ்சம். லாபத்திலும் பங்கு, நஷ்டத்திலும் பங்கு. தெருவில் வீடு வீடாகப் போய் இதைச் சொன்னவன் நான்தான். பெற்ற மகள் கேட்டால் என்ன செய்வது?

சொல்லிவிட்டு வந்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இதில் ஏதாவது தில்லுமுல்லு இருந்து, அதை நான் கண்டுபிடித்துக் கேட்டால், அந்த வீட்டில் வாழ்கிறவள் என் மகள். சம்பந்தி முகம் சுளித்தால் அது அவள் தலையில்தான் விடியும். கேட்காமல் விட்டாலோ, என் பேச்சை நம்பிப் பணம் கட்டியவர்களை நானே ஏமாற்றியதாக ஆகும். எந்தப் பக்கம் போனாலும் இடிக்கிறது.

முதல் ஞாயிறே சந்தேகம் வந்துவிட்டது. சின்ன வண்டியில் காய்களோடு வந்து இறங்கியவர் தராசு கொண்டுவரவில்லை. எங்கள் வாசலில் படுதாவை விரித்து எல்லாக் காய்களையும் சிறு சிறு குவியலாகக் கூறு போட்டார். அவர்கள் ஊரில் நோன்புத் திருவிழாவுக்கு நாலு வீடு சேர்ந்து ஆட்டை அறுத்தால் கறியை இப்படித்தான் பிரிப்பார்களாம். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். இன்னொருவர் ஏதாவது ஒரு கூறின் மேல் கோலை வைத்து இது யாருக்கு என்று கேட்பார். திரும்பி நிற்பவர் வாயில் எந்த வீட்டின் பெயர் வருகிறதோ, அந்தக் கூறு அந்த வீட்டுக்கு. கோல் வைப்பவருக்குப் பெயர் தெரியாது, பெயர் சொல்பவருக்குக் கூறு தெரியாது. யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. தராசில் போட்டால் எடை சரியாக இருக்கும், சம்பந்தி, மனசு சரியாக இருக்காது என்று விளக்கினார். தராசு வேண்டாம் என்று எவன் சொன்னாலும் அவன் சட்டைப் பையைப் பார் என்பதுதான் நான் கற்ற பாடம்.

வீட்டுக்குள் போனதும் எங்கள் கூறை நிறுத்துப் பார்த்தேன். எதிர்வீட்டு டீச்சரம்மாவிடம் ஏதோ சாக்குச் சொல்லி அவர் கூறையும் வாங்கி வந்து நிறுத்தேன். பெரிய வித்தியாசமில்லை. அதனால் நிம்மதி வந்ததா? வரவில்லை. தக்காளி ஒரே அளவாக இருந்தால் மண்டியில் வாங்கிய சரக்கோ என்று தோன்றும். ஆளுக்கொரு அளவாக இருந்தால் மண்டியில் கழித்துப் போட்ட சரக்கோ என்று தோன்றும். ஒரு சனிக்கிழமை விடியும் முன்பே பஸ் பிடித்துப் பாலக்கோட்டுத் தக்காளி மண்டிக்கே போய், சம்பந்தியின் வண்டி நிற்கிறதா என்று ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தேன். பழைய கண்டக்டர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, ரிட்டயர்டு ஆகியும் செக்கிங்கா சார் என்று சிரித்தார். வண்டி இல்லை. கிழமையை மாற்றிக்கொண்டாரோ என்று நினைத்தபடி திரும்பி வந்தேன்.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. கத்தரிக்காயில் ஓட்டையே இல்லை. மருந்து அடிக்காத கத்தரியில் புழு விழாமல் இருக்குமா? சம்பந்தியிடம் நேராகக் கேட்டேன். பொறுக்கிவிட்டுத்தான் கூறு போடுவதாகச் சொன்னார். பொறுக்கியது எங்கே போகிறது என்று கேட்டேன். மாட்டுக்கு என்று சொல்லிவிட்டுத் தெருமுனையைப் பார்த்தார். தெருமுனையில் ஒன்றும் இல்லை. அந்தப் பார்வையை எத்தனை ஜன்னல் சீட்டில் பார்த்திருப்பேன்!

எனக்குப் புரிந்துவிட்டது, அல்லது புரிந்ததாக நினைத்தேன். சில தோட்டக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விற்பதற்கு மருந்தடித்த வயல், வீட்டுக்கு மருந்தடிக்காத நாலு பாத்தி. ஆகவே ஒரு நிபந்தனை போட்டேன். அவர்கள் வீட்டுக்கும் இதே படுதாவில் ஒரு கூறு விழ வேண்டும், என் மகள் சாப்பிடும் காயைத்தான் தெருவும் சாப்பிட வேண்டும். மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். உடனே சரி என்றார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. அதோடு நிற்காமல், கோலைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் சொன்னார்.

"பேரு சொல்றதுக்கு நீங்களே திரும்பி நில்லுங்க, சம்பந்தி. உங்களைவிட நேர்மையான ஆளு இந்தத் தெருவுல யாருங்க?"

மதிலைப் பார்த்து நின்றேன்.

வாராவாரம் நின்றேன். முதுகு முழுக்க அரிக்கும். பின்னால் கோல் நகரும் சத்தம், யாரோ கிசுகிசுக்கும் சத்தம், வளையல் சத்தம். திரும்பவில்லை, கெட்டிக்காரத்தனமாகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். முதலில் எங்கள் வீடு, பிறகு டீச்சரம்மா, பிறகு பக்கத்து வீடு என்று சொல்லிக்கொண்டே போவேன். கடைசியில் சம்பந்தி வீடு. கடைசிக் கூறுக்குக் கேள்வியே கிடையாது. மிச்சம் இருப்பது மிச்சம் இருப்பவருக்கு. நான் திரும்பும்போது அதைச் சாக்கில் அள்ளிக் கட்டியிருப்பார். எங்கள் வீட்டில் கத்தரிக்காய் பளபளவென்று இருந்தது. ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லையே என்ற எரிச்சலில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு என் மகளும் அவரோடு வண்டியில் வந்திருந்தாள். குழந்தை பிறந்த பிறகு முதல்முறை. இளைத்திருந்தாள், கழுத்தெலும்பு தெரிந்தது. பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்றாள் மனைவி. என் மனம் கேட்கவில்லை. மதிலைப் பார்த்து நின்றபோது அவள் முகம்தான் கண்ணில் இருந்தது. வந்த பெண்ணுக்கு முதலில் கிடைக்கட்டுமே என்று பட்டது. சம்பந்தி கோலை வைத்துக் கேட்டதும், எம் பொண்ணு வூட்டுக்கு என்றேன்.

பின்னால் சத்தமே இல்லை. அள்ளும் சத்தமும் இல்லை.

"உங்க வூடுதானுங்களே மொதல்ல வரும்" என்றார் சம்பந்தி மெதுவாக.

திரும்பிவிட்டேன். கோல் நின்றிருந்தது முதல் கூறின் மேல். அதைப் போல ஒரு கூறு அந்தப் படுதாவிலேயே இல்லை. ஊதா நிறம் மின்னும் கத்தரி, வெடிப்பில்லாத தக்காளி, மேலே இளம் வெண்டை. கண்ணை ஓட்டினேன். படுதாவின் அந்தக் கோடியில், கீரைக்கட்டு போட்டு மூடினாற்போல ஒரு கூறு. கட்டைத் தூக்கினேன். ஓட்டை விழுந்த கத்தரி, தோல் வெடித்த தக்காளி, முற்றிய வெண்டை. இத்தனை வாரமும் நான் டிக்கெட் கிழிப்பது போலத் தெரு வரிசையிலேயே பெயர் சொல்லியிருக்கிறேன். அடுத்து எந்த வீடு என்று கோல் வைத்தவருக்குத் தெரிந்திருக்கிறது. என் முதுகுக்குப் பின்னாலேயே ஒருவர் வாராவாரம் திருட்டுத்தனம் செய்திருக்கிறார், அதுவும் தனக்கே நஷ்டமாக! இதை எந்தப் பேருந்திலும் நான் பார்த்ததில்லை.

சுற்றி நின்றவர்கள் முகத்தைப் பார்த்தேன். ஒருவருக்கும் அதிர்ச்சியில்லை. உங்களுக்குத் தெரிந்துதான் நடக்கிறது என்று நினைத்தோம் என்று டீச்சரம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தே நல்ல காயைக் கூடையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா, வேண்டாம் என்று அந்தக் கண்கள் சொல்லின. குரலை உயர்த்தாமல், கோல் வைத்த கூறு வைத்ததுதான், அது என் மகள் வீட்டுக்கு என்று மட்டும் சொன்னேன். மற்றப் பெயர்களை எல்லாரையும் பார்த்து நின்றே, தெரு வரிசையைக் கலைத்துப் போட்டுச் சொன்னேன். கடைசிக் கூறு எங்கள் வீட்டுக்கு.

எல்லாரும் போன பிறகு சம்பந்தியும் நானும் வாசலில் டீ குடித்தோம். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, பணம் கட்டியவர்கள் வீட்டில் ஒரு ஓட்டையைப் பார்த்தால் முழுக் காயையும் வீசிவிடுவார்கள், விளைவித்தவனுக்கு அது தாங்காது என்றார். எவ்வளவு வெட்டிப் போட வேண்டும் என்று தன் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும், அதனால் அந்தக் கூறு அங்கேதான் போக வேண்டும் என்றார். அப்படியானால் என் மகள் என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"உங்க பாப்பாவும் இப்ப எங்க ஆளுதானுங்களே, சம்பந்தி."

அந்த வார்த்தை எனக்கு இனித்ததா, எரிந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை. நான் பெற்றுப் படிக்க வைத்தவளைச் சொத்தைக் காய் தின்கிற கூட்டத்தில் சேர்த்துவிட்டு, அதை ஒரு மரியாதை போலச் சொல்கிறார். எங்கள் வீட்டுக்கு எப்போதும் முதல் கூறு வைத்தது அன்பினாலா, என் வாயை அடைக்கவா? அதையும் கேட்டிருக்கலாம். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். மனிதர் போன ஆடியில் போய்விட்டார். நெஞ்சுவலி என்று மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் முடிந்துவிட்டது.

இப்போது மாப்பிள்ளை வருகிறார். எலக்ட்ரானிக் தராசு வைத்திருக்கிறார்கள். தோட்டத்திலேயே நிறுத்து, வீட்டுக்கொரு துணிப்பையில் பெயர் எழுதிக் கட்டி வருகிறது. பத்து நிமிஷத்தில் வேலை முடிகிறது. யாரும் மதிலைப் பார்த்து நிற்பதில்லை. நான் வீட்டில் என் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்க்கிறேன், கிராம் பிசகுவதில்லை. எனக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை வந்தால் கை ஓடாமல் இருக்கிறது.

போன வாரம் வண்டி கிளம்பும்போது உள்ளே பெயர் எழுதாத ஒரு பை கிடந்தது. என்ன அது என்றேன். அது வூட்டுதுங்க மாமா என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை தெருமுனையைப் பார்த்தார். இந்த வயதில் வண்டியின் பின்பக்கம் ஏறி, முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். ஓட்டைக் கத்தரி, வெடித்த தக்காளி, எல்லாம் அதே ஜாதி. என் பையை அங்கே வைத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பினார்.

சாயங்காலம் மகள் போன் பண்ணினாள்.

"பையை மாத்திட்டீங்கபோல."

மாப்பிள்ளை சொன்னாரா என்று கேட்டேன். அவர் ஏன் சொல்ல வேண்டும், அந்தப் பையில் ஒவ்வொரு காயாகப் பொறுக்கி வைத்தவளே தான்தானே என்றாள். அவள் குரலில் வருத்தமில்லை, கொஞ்சம் கடுப்பு மட்டும் இருந்தது.

"அம்மா அந்தக் கத்தரிக்காயை முழுசா குப்பையில போட்டிருப்பாங்க. போய்ப் பாருங்கப்பா."

மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். போனைக் காதில் வைத்தபடியே சமையலறைக்குப் போய்க் குப்பைக் கூடையைத் திறந்தேன். கிடந்தன. காம்புப் பக்கம் வெட்டிவிட்டால் மீதி நல்ல காய்தான், எடுத்துக் கழுவி வையுங்கள் என்றாள். குனிந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். எல்லாம் எடுத்தாயிற்றா என்று கேட்டாள். எடுத்துவிட்டேன் என்றேன். அவள் நம்பவில்லை.

"அடியில ஒண்ணு உருண்டிருக்கும். கையை விட்டுப் பாருங்க."

வெங்காயத் தோலை விலக்கிக் கையை விட்டேன். இருந்தது.