ரோமில் படுத்திருந்த நைனா

என் நைனா ரோமுக்குப் போய் வந்தவர். ஆந்திர எல்லையில் இருக்கும் தடாவைத் தாண்டி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர், ஒரே எட்டாக இத்தாலிக்குப் போனார். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு.

போன காரணம் சாக்கடை மூடி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அவர் வேலை பார்த்த வார்ப்பட ஆலையில், தெருவில் பதிக்கிற இரும்பு மூடிகள் செய்தார்கள். அவை ரோம் வரைக்கும் போயின. போன இடத்தில் வண்டிச் சக்கரம் ஏறும்போதெல்லாம் டக்டக்கென்று சத்தம் போட, இனி மூடியே வேண்டாம் என்று வாங்கியவர்கள் சொல்லிவிட்டார்கள். மூன்று ஷிப்டு ஒரு ஷிப்டானது. மூடியின் விளிம்பை ராவி, சட்டத்தில் ஆடாமல் உட்கார வைப்பதில் நைனாவை மிஞ்ச ஆளில்லை. ஒரு காலை மேலே வைத்தே கோளாறு எந்த மூலையில் என்று சொல்லிவிடுவார். அதனால் மேனேஜர் அவரையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். இதெல்லாம் வீட்டில் என் காதுபடத்தான் பேசினார்கள். எனக்கு ரோம் என்ற ஒரு சொல்தான் காதில் ஏறியது.

அதற்குக் காரணம் ஒரு பாட்டு. அந்த வருடம் பொங்கலுக்கு வந்த படத்தில் கதாநாயகன் ரோமில் ஒரு பெரிய படிக்கட்டில் ஆடிக்கொண்டே இறங்குவான். எந்தப் படியில் அவன் சட்டை மாறும் என்பது வரைக்கும் எனக்கு மனப்பாடம். அதே படியில் நின்று நைனா போட்டோ எடுத்துக்கொண்டு வருவார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் உட்காரும் சுகன்யா மட்டும் நம்பவில்லை. போட்டோ வராவிட்டால் என் மானம் கப்பலேறிவிடும்.

நோட்டுத் தாளில் படிக்கட்டை வரைந்து, நிற்க வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தேன்.

"மறக்காம இங்கியே நின்னு எடுத்துக்கினு வா நைனா."

"மொத வேலயே அதான் கண்ணு" என்று அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். யாரோ இரவல் கொடுத்த மரூன் ஸ்வெட்டரும் அம்மா இடித்த இட்லிப் பொடியும் அவரோடு விமானம் ஏறின.

பத்து நாளில் திரும்பி வந்தார். மேனேஜரின் போனில் எடுத்த படங்களை ஸ்டுடியோவில் பிரிண்டு போட்டுக் கொண்டுவந்திருந்தார். பிரித்துப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டியது. கொலோசியத்தில் கால்வாசி, அதற்கு முன்னால் ஒரு மூடி. காசு போடுகிற நீரூற்றின் ஓரம், அதற்கு முன்னால் இன்னொரு மூடி. கடைசிப் படத்தில்தான் என் படிக்கட்டு வந்தது. உச்சியில் மாதா கோயில், நடுவில் நாயகன் சட்டை மாற்றிய படி, எல்லாம் பாட்டில் பார்த்தபடியே இருந்தன. அடிவாரத்தில், நடுத்தெருவில், மரூன் ஸ்வெட்டரோடு நைனா குப்புறப் படுத்து ஒரு மூடியில் காதை வைத்துக்கொண்டிருந்தார். சுற்றுலா வந்த கூட்டம் படிக்கட்டை விட்டுவிட்டு அவரை வேடிக்கை பார்த்தது.

"நிக்கச் சொன்னா இன்னா நைனா, படுத்துக்கினு கீற?"

"சத்தம் கீழயிருந்துல்ல வருது கண்ணு" என்றார்.

சாப்பிடும்போது அந்த ஊரைப் பற்றி ஓயாமல் பேசினார். தெருக்குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் கொட்டுகிறதாம், அத்தனை தித்திப்பாம். கொலோசியத்தைத் தட்டியும் தடவியும் பார்த்தாராம். "சிமிட்டியே இல்லாம கல்ல ஒக்கார வெச்சிக்கீறான். ரெண்டாயிரம் வருசமா ஆடாம கீது." அதைக் கட்டியவன் தன்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்ப்பவன் போலப் பேசினார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தேன்.

மறுநாள் கடைசிப் படத்தைப் பள்ளிக்கு எடுத்துப் போனேன். கீழ்ப்பாதியைக் கையால் மறைத்துக்கொண்டு காட்டினேன். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். சுகன்யா மட்டும் வெடுக்கென்று பிடுங்கிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, உங்க நைனா குடிச்சிட்டு வுழுந்துக்கினு கீறாரா?"

வகுப்பே சிரித்தது. குடிக்கவே குடிக்காத நைனாவின் போட்டோவைப் பிடுங்கிப் பைக்குள் திணித்தேன். அன்று அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா வந்தாள். அவள் வீட்டுக்காரருக்கும் அதே ஆலையில்தான், உலைப் பக்கம் வேலை. ஒரு வாரமாகப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்தாள். ஆர்.கே.பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். லீவுக்குப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

போட்டோக்களைக் கேட்டு வாங்கினாள். கொலோசியத்தையும் நீரூற்றையும் சட்டென்று தள்ளிவிட்டு, கடைசிப் படத்தை மட்டும் வெகுநேரம் கையில் வைத்திருந்தாள்.

"அண்ணா, இப்ப சத்தம் வருதா?"

"வரலம்மா. மேல வண்டிய ஏத்தியே பாத்துட்டாங்க. மறுபடியும் மூடி அனுப்பச் சொல்லிட்டாங்க."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

"பாப்பா, இத நான் வெச்சிக்கட்டுமா?"

விட்டது சனியன் என்று உடனே கொடுத்துவிட்டேன்.

காலையில் பார்த்தபோது அவள் சாக்குகளைப் பிரித்துப் பாத்திரங்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். படுத்திருந்த என் நைனாவைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தாள். அந்தப் பாட்டு அவளுக்கும் அவ்வளவு பிடிக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டேன்.