கைதூக்கியதைத் தானே எழுதிய அருளப்பன்

சென்ற செவ்வாய்க்கிழமை பிற்பகல் நான் புரூப் திருத்திக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. அபிராமபுரத்து வீட்டில் சாப்பிட்டு எழுந்த அருளப்பன் அப்படியே சாய்ந்துவிட்டார் என்று அவர் தம்பி சொன்னார். இரங்கல் செய்தியை நான்தான் எழுத வேண்டியிருந்தது. “முன்னாள் பத்திரிகையாளர், முன்னாள் நகரசபை உறுப்பினர்” என்று தொடங்கினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. அன்று எழுதாமல் விட்டதை, அவரை அறிந்த உங்களுக்கு இப்போது சொல்கிறேன்.

திருவல்லிக்கேணியில் எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் எட்டு ஆண்டுகள் எதிரெதிர் மேஜைகளில் உட்கார்ந்திருந்தோம். யுத்த காலத்தில் ஒரு நாள், மயிலாப்பூர் கால்வாய்க்கரைக் குடிசை ஒன்றிலிருந்து ரேஷன் அரிசிச் சோற்றை இலையில் கட்டிக்கொண்டு வந்து ஆசிரியர் முன்னால் வைத்தார். “எழுதறதா வேணாமான்னு அப்புறம் பேசலாம் சார். முதல்ல ஒரு வாய் சாப்பிடுங்க” என்றார். ஆசிரியர் கல்லைத் துப்பினார், செய்தி வெளிவந்தது, ரேஷன் கடைக்கு வேறு அரிசி வந்தது.

அந்தக் கரை மக்கள்தான் அவரைத் தேர்தலில் நிற்கச் சொன்னார்கள். வரி கட்டுகிறவர்களுக்கே ஓட்டு என்பதால் தங்களுக்கு ஓட்டு இல்லாவிட்டாலும் தெருத் தெருவாகப் போய் அவருக்காகக் கேட்டார்கள். ஜெயித்தார், பத்திரிகை வேலையை விட்டார்.

சுதந்திரம் வந்த மறு வருஷம், கால்வாய்க்கரைக் குடிசைகளை அகற்ற அவருடைய கட்சி கொண்டுவந்த தீர்மானம் நகரசபைக்கு வந்தது. மாற்று இடம் தருவதாக வாய்ச்சொல் மட்டும் இருந்தது. அருளப்பன் ஆதரித்துக் கைதூக்கினார். நிருபர்கள் வரிசையில் இருந்த என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. குடிசைகளைப் பிரித்தார்கள். மாற்று இடம் வரவில்லை, மழை வந்தது. குடும்பங்கள் ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் ஒரு மேட்டில் ஒதுங்கின.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் அலுவலகத்துக்கு வந்தார். பழைய மேஜையில் உட்கார்ந்து அரைப் பக்கம் எழுதி என்னிடம் நீட்டினார். மாற்று இடம் இல்லை என்று தெரிந்தே கைதூக்கியதாகவும், கட்சியில் மேலே போகலாம் என்ற ஆசையே காரணம் என்றும் எழுதியிருந்தார். ‘தெரிந்தே’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடலாம் என்றேன்.

“வேற எவனாவது எழுதிக் கொடுத்திருந்தா அந்த வார்த்தையத்தான் தலைப்புல போட்டிருப்பீங்க, பாய். எனக்கு மட்டும் என்ன சலுகை?”

அப்படியே அச்சேறியது. கட்சி அவரை நீக்கியது. பதவியை அவரே விட்டார். எங்கள் பத்திரிகையும் அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நிர்வாகம் என்னிடம் அபிப்பிராயம் கேட்டது. நான் வாய் திறக்கவில்லை.

அடக்கத்தன்று பங்குக் கோயில் வாசலில் கன்னியம்மா நின்றிருந்தார். கால்வாய்க்கரையில் குடிசை இழந்தவர். அருளப்பன் ஞாயிறுதோறும் தங்கள் மேட்டுக்கு வந்து, நிலம் கேட்டு மனு எழுதிக் கொடுப்பார் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அருளப்பனை மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டுவிட்டேன்.

“மன்னிக்கறதா? அந்த மயையில என் புள்ள காய்ச்சல் வந்து செத்துப் பூட்டான், நைனா. அத்த அவராண்டயே சொல்லிக்கீறேன். தலையக் குனிஞ்சுக்கினு கேட்டுக்கினாரு. அடுத்த ஞாயித்துக்கெயமையும் வந்தாரு.”

நல்லவர் என்று ஒரு வரி எழுதி அவரை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த வார்த்தையைக் கேட்ட பிறகும் போய் நின்றாரே, அந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது. நிர்வாகம் கேட்டபோது அவருக்காக நான் பேசாமல் இருந்ததை அவர் முன்னால் போய்ச் சொல்லி நிற்க, எனக்கு இனி அவர் இல்லை.