நெத்திலியை வெளியே தள்ளிய கணவாய்

கொரியாவின் யோசு துறைமுகத் தொழிற்பள்ளியில் படகு எஞ்சின் பாடம் நடத்தும் பியோன் மியோங்-ஒக்குக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் துணை முதல்வர் குக் அவளை வெறுத்தது வாய்க்காக அல்ல, கைபேசிக்காக. தென்கரைப் பள்ளிகளின் ஆசிரியர்களையும் மாணவர்களையும் இணையத்தில் ஒரே குழுவாக அவள் சேர்த்து வைத்திருந்தாள். தன் பள்ளியில் விடை கிடைக்காதவன் அங்கே கேட்பான். தெரிந்தவர் யாரானாலும் சொல்வார். வருடக்கணக்காக ஒவ்வொருவராய்க் கெஞ்சிக் கூட்டி வந்த கூட்டம் அது.

அங்கே சொந்தப் பெயர் கிடையாது, மீன் பெயரில் பட்டப்பெயர்தான். வயது தெரியாது, பதவி தெரியாது. அதனால் எல்லோரும் எல்லோரையும் ‘நீங்க’ என்றே பேச வேண்டும். ‘நீ’ என்றவரை யார் வேண்டுமானாலும் வெளியே தள்ளலாம். எதிரில் இருப்பவனின் வயதை அளக்காமல் வாயே திறக்காத ஊரில் இது குக்குக்கு எரிந்தது.

“வாத்தியாரும் பசங்களும் ஒரே சட்டியில கரண்டி விடுறதா? வெள்ளிக்கிழமைக்குள்ள மூடுங்க டீச்சர். இல்லன்னா உங்களத் தீவுப் பள்ளிக்கு மாத்தச் சொல்லி எழுதிடுவேன்.”

“மூடமாட்டேன் சார். எழுதுங்க.”

முதல்வர் சோக் அதே அறையில் பாக்கெட் காபியைக் கலக்கிக்கொண்டு ஜன்னல் வழியே கடலைப் பார்த்தார். சண்டை என்றால் அவருக்குக் கடல்தான்.

வெள்ளிக்கிழமை ஆசிரியர் கூட்டத்துக்கு குக் முகம் சிவக்க வந்தார்.

“பாருங்க இவங்க வளர்த்த லட்சணத்த! கணவாய்னு ஒரு பொடிப்பய, என்னையே வெளிய தள்ளிட்டான்!”

“நீங்க எப்ப சார் உள்ள வந்தீங்க?” என்றாள் மியோங்-ஒக்.

குக் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் கைபேசியைத் திறந்தாள்.

“ஓ, நெத்திலி நீங்கதானா! ‘பம்பப் பத்தி உனக்கென்னடா தெரியும்? நீ எந்த ஸ்கூல்? உன் வாத்தியான் பேரச் சொல்லு.’ பசங்க பேரப் புடிச்சு மாட்டிவிட வந்தீங்களாக்கும். அதுக்குக் கணவாய், ‘வெளிய போய் மரியாத கத்துக்கிட்டு வாங்க’ன்னு போட்டிருக்காங்க.”

“அவன் யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்!”

“நான்தான்யா,” என்றார் முதல்வர், கோப்பையைக் கீழே வைத்து.

தன்னைவிட மூத்தவரை, அதுவும் முதல்வரை, குக் ‘டா’ போட்டிருந்தார். நெற்றி மேசையில் முட்டுமளவு குனிந்தார்.

“மன்னிச்சிடுங்க சார், தெரியாம...”

“பொடிப்பயகிட்ட எதுக்கு மன்னிப்பு? மூடுற பேச்சையும் மாத்துற பேச்சையும் விடு.”

மியோங்-ஒக்குக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. “உள்ள உக்காந்து எல்லாம் பேசிக்கிட்டு, நான் திட்டு வாங்கும்போது மட்டும் கடல வேடிக்கை பாத்தீங்களே சார்.”

முதல்வர் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து குக் அவளுக்குத் தலையசைப்பதையும் நிறுத்திவிட்டார். சில நாள் கழித்துக் குழுவில் சேர ஒரு புதுப் பெயர் அனுமதி கேட்டு நின்றது: கெளுத்தி. கூடவே ஒரே ஒரு வார்த்தை.

‘சேத்துக்கோ.’

அவளுக்கு ஆள் யாரென்று புரிந்துவிட்டது. அனுமதி கொடுக்கவில்லை.