ஃபஹ்மிதாவின் இரண்டாவது கார்டு

மேலப்பாளையத்தில் கல்யாணத்துக்குப் பெண்கள் பக்கம் படம் எடுக்க வேண்டுமென்றால் ஃபஹ்மிதாவைத்தான் கூப்பிடுவார்கள். அவளைவிட நன்றாக எடுப்பவர்கள் இருக்கலாம். ஆனால் அவளிடம் வாக்கு சுத்தம். எடுத்த படம் எந்த ஆம்பிளை கண்ணிலும் படாது. விருந்து முடிந்ததும் கேமராவிலிருந்து மெமரி கார்டைக் கழற்றி மணப்பெண்ணின் உம்மா கையிலேயே கொடுத்துவிடுவாள். பிறகு ஒருநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்கே போய், பெண்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஆல்பத்துக்குப் படம் பொறுக்குவாள். தன்னிடம் ஒரு படம்கூடத் தங்காது என்று பதினொரு வருஷமாக வீடு வீடாகச் சொல்லிவருகிறாள்.

போன வருஷம் அதில் ஒரு சின்னப் பொய் கலந்துவிட்டது. ருக்சானா கல்யாணத்தில் கார்டு பழுதாகி ஒரு படம்கூடத் தேறவில்லை. அந்தப் பெண் அழுததைப் பார்த்து இவளும் அழுது, கடைசியில் இரண்டு கார்டு போடுகிற கேமராவாகப் பார்த்து வாங்கினாள். ஒரே படம் இரண்டிலும் பதியும். ஒன்று பெண் வீட்டுக்கு. இன்னொன்றை பீரோவில் வைத்துப் பூட்டி, ஆல்பம் வேலை முடிந்ததும் திறந்துகூடப் பார்க்காமல் அழித்துவிடுவாள். நல்லதுக்குச் செய்கிற காரியம்தான். ஆனாலும் யாருக்கும் சொல்லாமல் செய்கிற காரியம்.

இஷ்ரத் கல்யாணம் முடிந்த நாலாம் நாள் காலையில் போன் வந்தது. இஷ்ரத்தின் உம்மா மைதீன் பாத்திமா.

"ஏளா ஃபஹ்மி, என் தலையில நானே மண்ணள்ளிப் போட்டுட்டேன்ளா. அந்தக் கார்ட முந்தானையில முடிஞ்சு வச்சிருந்தேன். சேல மெஷினுக்குள்ள போயிட்டு. கார்டு ரெண்டா ஒடிஞ்சு கெடக்கு."

பீரோ, பூட்டு, சாவியெல்லாம் நம் பெண்களுக்கு அப்புறம்தான். முந்தானை முடிச்சைவிடப் பத்திரமான இடம் இந்த உலகத்தில் கிடையாது அவர்களுக்கு. கல்யாணத்தன்று வேறு, பெண்கள் பக்கத்து வாசலில் பிளாஸ்டிக் கூடை வைத்து, வந்தவர்கள் போனையெல்லாம் வாங்கிப் போட்டுக்கொண்டதும் இதே மைதீன் பாத்திமாதான். ஆக, இஷ்ரத் மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்ததற்கு வேறு ஒரு படமும் இல்லை. அடுத்த வாரம் அவள் புருஷனோடு ஷார்ஜா போகிறாள்.

"நான் வாரேன் மாமி" என்று போனை வைத்துவிட்டு பீரோவைத் திறந்த பிறகுதான் ஃபஹ்மிதாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. பாளையங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கிற மெர்வின் அவ்வப்போது அவள் கேமராவை இரவல் வாங்குவான். முதல் கார்டு நிரம்பினால்தான் இரண்டாவதில் பதிகிற மாதிரி மாற்றி வைத்துக்கொள்வது அவன் பழக்கம். இஷ்ரத் கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் அவனிடமிருந்து கேமரா வந்தது. திரும்ப மாற்றினோமா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. பார்த்துக்கொள்ளலாமென்றால், கேமரா மறுபடியும் அவனிடமே போயிருந்தது.

லேப்டாப்பில் போட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆனால் வீட்டுக்காரர்கள் பக்கத்தில் இல்லாமல் படத்தைத் திறப்பதில்லை என்ற சொல்லாவது மிஞ்சட்டும் என்று, திறக்காமலே ஆட்டோ ஏறினாள். பிடிவாதக்காரி. கார்டில் ஒன்றும் இல்லையென்றால் இஷ்ரத்தின் கல்யாணமே போச்சு. இருந்தாலோ, இத்தனை நாளும் நம் வீட்டுப் பெண்கள் படத்தை ஒளித்து வைத்திருந்தாளா என்று தெருத் தெருவாகப் பேச்சு கிளம்பும், பிழைப்பும் போகும். பெயர் போனாலும் படம் இருக்கட்டும் ரப்பே என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போனாள்.

இஷ்ரத் முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். ஃபஹ்மிதா நின்றபடியே சொன்னாள்:

"மாமி, ஏசணும்னா பொறவு ஏசுங்க. எங்கிட்ட இன்னொரு கார்டு இருக்கு. ஒங்ககிட்ட சொல்லாம வச்சிருந்தேன். அதுல படம் இருக்கா இல்லையான்னும் எனக்குத் தெரியல."

கார்டை லேப்டாப்பில் செருகினாள். கொஞ்ச நேரம் திரை வெறுமனே கிடந்தது. பிறகு மருதாணி போட்ட இரண்டு கைகள் வந்தன. அடுத்து இஷ்ரத்தின் முகம். அப்புறம் வரிசை வரிசையாக வந்துகொண்டே இருந்தன, ஆயிரத்து முந்நூறு படம்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று ஃபஹ்மிதா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். போன உயிர் திரும்பி வந்தது. இஷ்ரத் சிரிப்பும் அழுகையுமாக உம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

படங்களை அவர்கள் வீட்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, ஃபஹ்மிதா கார்டையும் எடுத்து நீட்டினாள்.

"இதயும் நீங்களே வச்சுக்கோங்க மாமி."

மைதீன் பாத்திமா கையை நீட்டவில்லை. "சொல்லாம வச்சது தப்புத்தான்ளா" என்றாள். "இனி கல்யாண வீட்டுல மொதல்லயே சொல்லிரு. ஆனா இந்தக் கார்டு எங்கிட்ட வேண்டாம். ஒங்கிட்டயே இருக்கட்டும். எங்க புள்ள படம் ஒங்கிட்டன்னா எனக்குப் பயம் இல்ல."

எத்தனையோ வீடுகளில் தன்னிடம் ஒரு படமும் இல்லையென்று கையை விரித்துக் காட்டிவிட்டு வந்தவள் ஃபஹ்மிதா. ஒரு வீட்டுக்காரி படத்தை நீயே வைத்துக்கொள் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அதுவரை அடக்கி வைத்திருந்தவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.