வில்லுக்கு வைத்த எண்ணெய்

கற்பிட்டியில் எங்கள் வீட்டிலிருந்து யார் எங்கே பயணம் புறப்பட்டாலும் உம்மா முதலில் அவரைப் பிடித்து உட்கார வைத்துத் தலைக்கு எண்ணெய் வைப்பார். வெந்தயமும் கறிவேப்பிலையும் போட்டு அவரே காய்ச்சிய தேங்காய் எண்ணெய். உப்புக் காற்று முடியை வைக்கோலாக்கிவிடும் என்பது அவருடைய அசைக்க முடியாத கொள்கை. வாப்பாவுக்கு வழுக்கை விழுந்த பிறகும் இந்தச் சட்டத்தில் சலுகை கிடைக்கவில்லை.

நான் கொழும்பில் ஓர் இளைஞர் இசைக்குழுவில் வயலின் வாசித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வயலின் வரிசையில் கடைசிக்கு முந்திய கதிரை. சனிக்கிழமைதோறும் உம்மாவும் நானும் பஸ் ஏறி ஒத்திகைக்குப் போவோம். நான் உள்ளே வாசிப்பேன். அவர் வெளியே வாங்குப் பலகையில் சாய்ந்து தூங்குவார். அந்தத் தூக்கத்திலும் ஒரு காது விழித்திருக்கும். “இண்டைக்கு நடுவுல ஒரு எடத்துல பிசகிப் போச்சி என்ன?” என்று திரும்பும் வழியில் கேட்பார். இசை படித்தவரில்லை, ஆனால் சொன்ன இடம் தப்பியதில்லை. எனக்கு எரிச்சலாக வரும்.

குழு ஜெர்மனிக்குப் போவதாக முடிவானபோது உம்மாவின் மூத்த சகோதரர், எங்கள் பெரிய மாமா, வீட்டுக்கே வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“பொம்புளப் புள்ள அவ்வளவு தூரம் போய் வாசிச்சி என்ன கிழிக்கப் போற?”

உம்மா தேத்தண்ணியைத் தன் அண்ணன் முன்னால் வைத்தார். “காக்கா, அவள் வாசிக்கிறதக் கேட்டுட்டுக் கதைங்க.”

முதல் கச்சேரியை இணையத்தில் நேரடியாகக் காட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் உம்மா மாமாவின் குடும்பம் முழுவதையும் எங்கள் வீட்டுக்கு அழைத்துவிட்டார். ஆக, நான் வாசித்துக் காட்ட வேண்டியது ஜெர்மன்காரர்களுக்கல்ல, பெரிய மாமாவுக்கு.

விமானம் தாமதமானதால் ஒத்திகைக்கு நேரமில்லாமல் போனது. நேரே மண்டபத்துக்குப் போய், உடுப்பு மாற்றி, வயலின் பெட்டியைத் திறந்தேன். எங்கள் வீட்டுக் குளியலறை மணம் குப்பென்று வந்தது. என் பக்கத்துக் கதிரையில் வாசிக்கும் குருநாகல் பிள்ளை மூக்கை உறிஞ்சி, யாரோ கறி கொண்டு வந்திருக்கிறார்கள் என்று சிங்களத்தில் சொன்னாள்.

வில்லை எடுத்தேன். அதில் கட்டியிருப்பது குதிரை வால் முடி என்று உம்மாவுக்கு ஒருநாள் நான்தான் பெருமையாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அந்த முடி இப்போது வேர் முதல் நுனி வரை பளபளவென்று, அழகாக, எண்ணெய் வைத்துச் சீவப்பட்டிருந்தது. புறப்பட்ட காலையில் நான் குளிக்கப் போன நேரத்தில் உம்மா பெட்டியைத் திறந்திருக்கிறார். பயணம் போகிறவர்களில் குதிரையை மட்டும் விட்டுவிடுவாரா.

எண்ணெய் பட்ட வில் தந்தியைப் பிடிக்காது. வழுக்கிக்கொண்டு போகும், சத்தம் வராது. பிடிப்பதற்காகப் பூசும் பிசின் கட்டியை எடுத்துத் தேய்த்தேன். அது எண்ணெயோடு சேர்ந்து மாவாகக் குழைந்தது. குழுவிடம் மேலதிகமாக இருந்த ஒரே வில்லும், வழியில் வில் முறிந்த இன்னொருவரிடம் போய்விட்டிருந்தது. மேடையில் என் கதிரை காலியாக இருப்பதைப் பெரிய மாமா பார்த்தால் உம்மாவுக்கு அந்த ஒரு நாள் மட்டுமா தலைகுனிவு? அதற்குக் காரணம் தன் எண்ணெய்தான் என்று தெரிந்தால் உம்மா தாங்கமாட்டார்.

போய் உட்கார்ந்தேன். எல்லோருடைய வில்லும் மேலே போனபோது என்னுடையதும் போனது, கீழே வந்தபோது வந்தது. வேகமான இடங்களில் தலையைக் கூட ஆட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு உணர்ச்சியோடு நான் வாசித்ததே இல்லை. ஒரு சொட்டுச் சத்தம் வரவில்லை. முடிந்ததும் எங்கள் இசை நடத்துனர் வந்து, இரண்டாம் வயலின்கள் இவ்வளவு சுத்தமாக ஒலித்து இன்றுதான் கேட்கிறேன் என்று எங்கள் வரிசையைப் பாராட்டினார். பக்கத்துப் பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

உடுப்பு மாற்றும் அறைக்கு வருவதற்குள் உம்மாவின் அழைப்பு வந்துவிட்டது. பின்னால் ஒரே சந்தை இரைச்சல்.

“மாஷா அல்லாஹ் மகள். எல்லாரும் பாத்த. உன்ட சத்தம் தனியாக் கேட்டிச்சி எண்டு மாமாட்டச் சொன்னன். ஓம் ஓம், நல்லாத்தான் வாசிக்கிறாள் எண்டு அவரும் சொன்ன.”

நான் பெருமூச்சு விட்டேன். பிறகு இரைச்சல் குறைந்தது, ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. உம்மா குசினிக்குள் போய்விட்டார் என்று விளங்கியது. குரல் தாழ்ந்தது.

“மகள், உன்ட சத்தம் ஒண்டும் கேக்கல்லியே. வில்லுக்கு என்ன நடந்த?”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அத்தனை வயலினுக்கு நடுவே ஒன்று இல்லாததைக் கற்பிட்டியில் போனுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். மாமாவிடம் அதை மறைத்தும் விட்டார்.

“இங்க சரியான குளிர் உம்மா. வில்லு முடி வெறச்சிப் போச்சி.”

“அதுக்குத்தானே எண்ணெ வெச்சி உட்ட நான்” என்றார் கவலையோடு. “பத்தல்ல போல. உன்ட பேக்குல அடியில ஒரு போத்தல் வெச்சிரிக்கன். நாளைக்கு நல்லாப் பூசிக்கோ.”