அரையிஞ்சு டெய்லரின் நானூறு மீட்டர்

தெருவில் அவருக்கு அரையிஞ்சு என்றுதான் பேர். தொழிலில் குறை சொல்ல முடியாது. அவர் தைத்த கால்சட்டையைப் போட்டுக்கொண்டு குனியலாம், நிமிரலாம், வயிறு முட்டச் சாப்பிடவும் செய்யலாம். ஆனால் அளவு என்று வந்துவிட்டால் மனுஷன் யாரையும் நம்பமாட்டார். கழுத்தில் கிடக்கும் டேப்பை உருவிக் கதவை அளப்பார், கட்டிலை அளப்பார், எதை அளந்தாலும் குறையும். ஊரே சேர்ந்து தன்னை ஏய்க்கிறது என்பது அவருடைய தீர்மானமான முடிவு.

முதல் குற்றவாளி, மனைவியின் அண்ணன். துணிக்கடைக்காரர். ஒன்பது வருஷமாக அவரிடம்தான் துணி, ஒன்பது வருஷமாக ஒரே சண்டை. இரண்டு மீட்டரை வாங்கி வந்து மேசையில் விரித்தால் அரையிஞ்சு குறையும். உடனே துணியைத் தூக்கிக்கொண்டு போய், கடையில் நாலு பேர் நிற்கும்போதே நியாயம் கேட்பார். வேறு கடைக்குப் போய்த் தொலைய வேண்டியதுதானே? போனார். அங்கே மூன்று இஞ்சு குறைந்ததாம்.

மச்சானுக்கு ஒருநாள் பொறுமை போய்விட்டது. இரண்டு பேரும் காலையில் ஓடுகிறவர்கள். மூன்று மாதத்தில் ஐந்து கிலோமீட்டர் பந்தயம் வருகிறது, அதில் என்னை முந்துங்கள், என் அளவு குறைவுதான் என்று கடை வாசலில் எழுதியே மாட்டுகிறேன் என்றார். தோற்றால் டெய்லர் இனி அளவைப் பற்றி வாயே திறக்கக்கூடாது. டெய்லருக்கு வாயை மூடுவதும் ஒன்று, மூச்சை நிறுத்துவதும் ஒன்று.

கால்சட்டையின் இடுப்பைப் பிரித்துத் தளர்த்த வந்த ஒரு விளையாட்டு ஆசிரியர்தான் வழி சொன்னார். வருஷக்கணக்காக ஒரே வேகத்தில் ஓடினால் கால் சோம்பேறியாகிவிடும். வாரத்தில் இரண்டு நாள் நானூறு மீட்டரை விரட்டி ஓடு, இரண்டு நிமிஷம் நட, மறுபடி ஓடு. இப்படி ஆறு தடவை. ஒவ்வொரு நானூறையும் இரண்டு நிமிஷத்தில் முடித்தால் உன் மச்சானைப் பிடித்துவிடலாம் என்றார்.

பூங்காவில் நானூறு மீட்டர் எது? யாரோ நட்டு வைத்த பலகையை நம்புகிற ஆளா அவர்? டேப்பின் ஒரு முனையை மனைவி கையில் கொடுத்து, நடைபாதையில் குனிந்து குனிந்து இருநூற்று அறுபத்தேழு தடவை அளந்தார். மோதிரத்தைத் தொலைத்துவிட்டார்கள் என்று நினைத்து இரண்டு பேர் கூடவே தேடினார்கள். கடைசியில் தையல் சாக்பீஸால் கோடு போட்டார்.

முதல் நாள் இரண்டரை நிமிஷம். முடித்துவிட்டுப் புல்லில் மல்லாந்தவரை ஒரு நாய் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. விடாமல் ஓடியதில் இரண்டு நிமிஷம் ஐந்து நொடிக்கு வந்தார். அவ்வளவுதான், அதற்குக் கீழே இறங்கவே இல்லை. கையில் கடிகாரத்தோடு நிற்கும் மனைவியை முறைப்பார். மனம் விட்டுப்போய், தோற்றபின் இருக்கப்போகிற மாதிரி அரைநாள் வாயை மூடிப் பழகினார். வீடு அமைதியாக இருந்ததில் அந்த அம்மாளுக்குப் பரம சந்தோஷம்.

பந்தயத்தன்றும் டேப் கழுத்தில்தான் கிடந்தது. ஓட ஆரம்பித்தால் ஒரு விசித்திரம். ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையும் அவர் எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே வந்து நின்றது. அடப்பாவிகளா, ரோட்டிலுமா குறைப்பீர்கள் என்று கோபம் தலைக்கேற, அந்தக் கோபமே காலுக்கு இறங்கியது. நாலாவது பலகையில் மச்சானைத் தாண்டினார். நாற்பதடி முன்னால் முடித்தார்.

வேறொருவர் என்றால் குதித்திருப்பார். இவரோ மூச்சு வாங்கிக்கொண்டே நேராகப் போனது பாதையை அளந்த இன்ஜினியரிடம். குறைந்த பாதையில் ஜெயித்தால் அது ஜெயமா, எனக்கு வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றார். அந்த ஒரு நேர்மைக்காகவே நான் இவரை மன்னிப்பேன். இன்ஜினியர் தன் இரும்பு டேப்பைத் தரையில் இழுத்து, பக்கத்தில் டெய்லரின் டேப்பை விரித்தார். துணி டேப்பின் நூற்றைம்பதாவது சென்டிமீட்டர், இரும்பில் நூற்றைம்பத்தாறில் போய் நின்றது. வருஷக்கணக்காக இழுத்து இழுத்து நீண்டுபோயிருக்கிறது. அதில் எதை அளந்தாலும் குறையத்தான் செய்யும்; பூங்காவில் நானூறு என்று அவர் ஓடியதும் உண்மையில் நானூற்றுப் பதினாறு. ஆளையும் அதிலேயே அளந்து துணியையும் அதிலேயே வெட்டியதால் தையலில் மட்டும் தெரியவில்லை.

மனைவியும் மச்சானும் பக்கத்திலேயே நின்றிருந்தார்கள். டெய்லருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"மச்சான், நீங்க சரியாத்தான் குடுத்திருக்கீங்க" என்றார்.

"இல்ல மாப்பிள்ளை, சரியாக் குடுக்கல" என்றார் மச்சான். "தங்கச்சி வீட்டுல சண்டை வேண்டாமேன்னு உங்களுக்கு மட்டும் எப்பவும் நாலு விரல் சேர்த்துத்தான் வெட்டுவேன். அப்பவும் அரையிஞ்சு குறையுதுன்னு வந்து நிப்பீங்க."

டெய்லருக்கு நாலு பேர் நடுவில் கத்தியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. அரைநாள் பழகியது அப்போதுதான் உதவியது.

மச்சான் குனிந்து அந்த டேப்பை எடுத்துப் பார்த்தார்.

"பந்தயப்படி நீங்கதான் ஜெயிச்சீங்க, பலகை எழுதி மாட்டிடறேன். ஆனா இதை எனக்குக் குடுத்துடுங்க. அடுத்த வருஷம் நானும் இதுல அளந்துதான் ஓடப்போறேன்."

டெய்லர் டேப்பை வாங்கி, சுருக்கம் நீவி, மச்சான் கழுத்தில் போட்டார். பலகை வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.