கீழ்க்கட்டளையில் பார்த்த கத்திகள்

பிள்ளைகளே, சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குத் தாம்பரத்தில் ரயில் ஏறினோம், நானும் ஏழாவது படிக்கும் என் மகள் ஜென்ஸியும். பல்லாவரத்துக்கு ஆளுக்கு ஐந்து ரூபாய் டிக்கெட். அவளுடைய டிராயிங் கிளாஸை நிறுத்துவதா வேண்டாமா என்று பார்க்கத்தான் இந்தப் பயணம். இதுவரை அவள் அம்மாதான் கூட்டிப்போனாள். நான் நோட்டைத் திறந்தால் பூ இல்லை, கிளி இல்லை. பக்கம் பக்கமாகக் கத்தி. மிஸ் வரைந்ததைப் பார்த்து வரைந்ததாம்.

பல்லாவரத்திலிருந்து ஷேர் ஆட்டோ. கீழ்க்கட்டளையில் இறங்கும்போது டிரைவரிடம் வழி கேட்டேன்.

"கத்தி வரையுற அக்கா வூடா? அதோ, பச்சை கேட்டு. பயந்துகினு போவாத சார், டீ நல்லா குடுக்கும்."

எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

பத்தரை மணி. சபீனா மிஸ்ஸுக்கு என் வயதுதான் இருக்கும். சுவர் முழுக்கப் படங்கள். யானைத் தலை வைத்த பிடி, பூவேலை செய்த உறை, முத்துக் குஞ்சம் தொங்கும் வாள்.

"இதெல்லாம் யாருக்காக மேடம்?"

"யாருக்கும் இல்ல சார். மியூசியத்துல கண்ணாடிக்கு வெளிய உக்காந்து வரைஞ்சது."

நான் நம்பவில்லை. குரோம்பேட்டைப் பட்டறையில் இருபது வருஷமாகக் கத்திக்குச் சாணை பிடிக்கிறவன் நான். ஒவ்வொரு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"தப்பா வரைஞ்சிருக்கீங்க. சாணை ஏறின தடமே இல்ல. பிடியில இவ்ளோ கல்லு வெச்சா உள்ளங்கை கிழிஞ்சிடும். இதுல வெண்டைக்காய்கூட நறுக்க முடியாது."

மிஸ் சிரித்தார். "நானும் மூணு தடவ போய்ப் பாத்தேன் சார். சாணையே பிடிக்கல. இது வெட்டுறதுக்குச் செஞ்சதில்ல. இடுப்புல சொருகிக்கிட்டு சபையில உக்கார்றதுக்கு. பெரிய ஆளுன்னு பாக்கிறவங்களுக்குத் தெரியணும், அவ்ளோதான்."

"உதவாத சாமானை எவனாவது சுமப்பானா?" என்றேன். விடுவேனா?

"இருக்கட்டும். மணி என்ன சார்? அடுத்த பேட்ச் வந்துடும்."

தங்க நிற வாட்ச் கட்டிய என் கை மேலே வந்து பாதியில் நின்றது. ஜென்ஸி முந்திக்கொண்டாள். "அது ஓடாது மிஸ். வெளிய கிளம்பினா மட்டும் அப்பா கட்டிப்பாரு."

எனக்கு முகம் சுட்டது. மிஸ் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்து, "கைய அப்படியே வைங்க சார்" என்றார்.

பதினொன்றரைக்குக் கிளம்பினோம், என் கையையும் வாட்சையும் மிஸ் வரைந்து தந்த தாளோடு. பல்லாவரம் பிளாட்பாரத்தில் ஜென்ஸி மெதுவாகக் கேட்டாள். "கிளாஸுக்குப் போலாமாப்பா?"

"போலாம்."

எங்கள் வீட்டுக் கத்தியின் பிடியில் துணி சுற்றியிருக்கும். வாராவாரம் நானே சாணை பிடிப்பேன். அதை யாருக்கும் காட்டியதில்லை. அதையும் ஒருநாள் வரையச் சொல்லி ஜென்ஸியிடம் கேட்டிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமையும் நான்தான் கூட்டிப்போனேன். வாட்ச் கட்டிக்கொண்டுதான்.